பேர் போடும் நேரம்

மலாக்கா, 1957 ஜூன் 15, சனி

இன்றும் பேர் போட்டு முடிந்த பிறகுதான் உள்ளே போனோம். அப்பா தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே வாங்க நின்றுவிட்டார். வறுத்த கடலை ஒரு சுருள், பொரித்த பட்டாணி ஒரு சுருள். போதாததற்குக் கச்சாங் விற்பவரின் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்ற விசாரணை. உள்ளே இசை தொடங்கிவிட்டது. எனக்குக் கால் தரிக்கவில்லை.

"அப்பா, பேர் போட்டுட்டாங்கப்பா!"

"போடட்டுமே. அந்த நேரத்தை விட்டிருக்கிறதே கச்சாங் வாங்கத்தானே."

நான் உட்கார்ந்தபோது கடைசிப் பெயர் திரையில் கரைந்துகொண்டிருந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு.

இதை நான் யாரிடம் சொல்ல முடியும்? படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர்கள் வரும் அந்தச் சில நிமிடங்கள்தான் என்று? கைவிளக்குடன் ஆள் வந்து இடம் காட்டுவார், தலைகள் குறுக்கே போகும், குழந்தைகள் அழும், ஒருவரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் பார்ப்பேன். புராணப் படமென்றால் எழுத்துக்குக் கல்தூணின் கனம். குடும்பப் படமென்றால் சற்றே சாய்ந்த எழுத்து, யாரோ அவசரமாகக் கடுதாசி எழுதியதுபோல. திருடனும் போலீசும் வரும் படமென்றால் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் ஒரு நிழல். கதை தொடங்கும் முன்பே எழுத்து கதையின் குரலில் பேசிவிடுகிறது. போன மாதம் ஒரு படத்தில் கடற்கரை மணலில் பெயர்களை எழுதியிருந்தார்கள். அலை வந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போனது. நான் நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டேன்.

அத்தனை பெயர்களில் அந்த எழுத்தை எழுதியவரின் பெயர் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் மூலையில், பொடியாக. வந்தால் எனக்கு ஒரு சந்தோஷம். தெரிந்தவர் யாரோ ரயிலிலிருந்து கை காட்டியது போல.

ஜூன் 18, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக் கரும்பலகையில் "மழை" என்று எழுதி, ழகரத்தின் கீழ்ச்சுழியை ஒழுகும் துளி மாதிரி முடித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "டீச்சர், போர்டைச் சினிமாக் கொட்டகை ஆக்கிட்டீங்களே," என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஜெயாவைப் பார்க்கப் போனேன். என்னோடு படித்தவள், இப்போது புங்கா ராயா தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தேவதாஸின் மனைவி. வீடு முழுக்க ஒரே பரபரப்பு. சுதந்திரம், மெர்டேக்கா, வருமுன்பே சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து தேவதாஸ் அண்ணன் ஒரு சினிமா கேமராவும் சின்ன புரொஜெக்டரும் வாங்கிவிட்டார். ஊரையே படம் பிடிக்கப் போகிறாராம். ஆறு, பசார், பண்டார் ஹிலிர் திடல், அலங்கார வளைவு கட்டும் ஆட்கள், பிறகு ஆகஸ்டில் மெர்டேக்கா நாள். எல்லாவற்றையும் சேர்த்து அரைமணிப் படம். எங்கள் கஜா பேராங் பள்ளித் திடலில் திரை கட்டிக் காட்டுவார்களாம். தகவல் இலாகா வண்டிக்காரர்கள் பெரிய புரொஜெக்டர் கொண்டுவர ஒப்புக்கொண்டார்களாம். படத்துக்குப் பெயர் "நம் ஊர்".

"எல்லாம் இருக்கு, பேர் போட ஆள் இல்ல," என்றாள் ஜெயா. "இவரு எழுத்தைப் பார்த்திருக்கியா? கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"தங்கச்சி எழுதித் தந்தா நல்லா இருக்கும்," என்றார் அவர், மனைவி சொன்னதற்குக் கொஞ்சமும் வருத்தப்படாமல்.

"பார்க்கலாம்ண்ணே," என்றேன், அடக்கமாக. வீட்டுக்கு வரும் வழியில் என் விரல் சைக்கிள் ஹாண்டிலில் "ந" போட்டுக்கொண்டே வந்தது.

ஜூலை 9, செவ்வாய்

தோல்வி. வெள்ளை அட்டையில் இந்தியன் மையால் மெல்லிய எழுத்தாக எழுதிக் கொடுத்திருந்தேன். வாசகசாலையில் பார்த்த பழைய அச்சுப் புத்தகங்களின் அழகெல்லாம் அதில் இருந்தது. சோதனைக்குப் பிடித்த துண்டு சிங்கப்பூரில் கழுவப்பட்டு இன்று வந்தது. ஜெயா வீட்டுச் சுவரில் ஓட்டினோம். வெள்ளை கண்ணைப் பறித்தது. எழுத்தின் புள்ளிகளெல்லாம் வெளிச்சத்துக்குள் போய்விட்டன.

புத்தகத்தில் எழுத்து அசையாமல் காத்திருக்கும், நாம் அதனிடம் போகலாம். திரையில் அதுதான் நம்மிடம் வரவேண்டும், அதுவும் சில நொடிகளில். இனிக் கறுப்பின்மேல் வெள்ளை. கட்டை எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் தாராளமாக இடம்.

தேவதாஸ் அண்ணன் ஒரு வித்தை சொன்னார், நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே படம் பிடிக்க வேண்டும். கேமராவைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பிறகு அந்தத் துண்டை, முடிவு முதலில் வரும்படி திருப்பி ஒட்டிவிட்டால் போதும் — திரையில் எழுத்து தானாகவே எழுதிக்கொண்டு வரும்!

அழிப்பதைப் படமெடுத்து எழுதுவதாகக் காட்டுவது. யார் இதை முதலில் யோசித்தாரோ, அவர் வாழ்க!

ஜூலை 14, ஞாயிறு

கரும்பலகையில் சாக்குக்கட்டியால் "நம் ஊர்" எழுதி, ஈரத்துணியால் அழித்துப் பார்த்தோம். துணி தெரிகிறது. கை தெரிகிறது. என் வளையல் தெரிகிறது. ஊதிப் பார்த்தோம், சாக்குத்தூள் ஜெயாவின் மூக்குக்குள் போனதுதான் மிச்சம்.

கை தெரியாமல் எப்படி அழிப்பது? இதுதான் இப்போது என் ஒரே கேள்வி. சோறு சாப்பிடும்போதும் அதே.

ஜூலை 21, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சிரிப்பு!

காலையில் அம்மா பசாருக்குப் போய்விட்டதால் வாசல் கோலம் என் பொறுப்பு. சிமெண்டுத் தரையைக் கழுவினேன். அடுப்படியில் மாவு டின்னை எடுத்தேன். கோலம் போடக் குனிந்தவள், தெருவில் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் பெயரை எழுதினேன். முழுப் பெயர். சிவகாமசுந்தரி. கட்டை எழுத்தில், திரையில் வருவது மாதிரி. ஏன் எழுதினேன்? தெரியாது. எழுதிவிட்டு வெட்கமாக இருந்தது. அப்பா வெளியே வந்து, கோலம் என்று நினைத்துப் பத்திரமாகத் தாண்டிக் கோப்பிக்கடைக்குப் போனார். நான் உள்ளே போய்ப் புத்தகத்தில் மூழ்கிவிட்டேன்.

பிறகு அம்மாவின் குரல்தான் என்னை எழுப்பியது.

"அடியே காமு! மாவு உருண்டைக்குச் சீனி கலந்து வச்ச மாவையா வாசல்ல கொட்டினே?"

ஓடிவந்து பார்த்தேன். டின் மாறிவிட்டது! பயறும் அரிசியும் வறுத்துத் திரித்துச் சீனி கலந்த மாவு. வாசல் முழுக்க எறும்பு. சின்னக் கறுப்பு எறும்புகள், கடிக்காத ஜாதி. ஆளுக்கு ஒரு துகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக வரிசை கட்டிப் போகின்றன. என் பெயரில் முன்பாதி போயே போய்விட்டது. "சுந்தரி" மட்டும் மிச்சம்.

எதிர்வீட்டு மக் பொன்னம்மா கேபாயா சட்டையும் சாரோங்குமாக வந்து நின்று பார்த்தார். அவர்கள் இங்கே எத்தனையோ தலைமுறையாக இருக்கும் செட்டிக் குடும்பம். சாமியும் பெயரும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். அதனால் மாமி என்று கூப்பிடாமல் மக் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

"அபா துலிஸ் இத்து, நோனா?" — என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார்.

"நாமா சாயா, மக்." என் பெயர்.

குனிந்து பார்த்தார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நாமா சுடா ஹாபிஸ்! செமுட் மக்கான்!" பெயர் தீர்ந்துபோச்சு, எறும்பு தின்றுவிட்டது!

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்தான் சிரிக்காமல் நின்றேன். எறும்புகளையே பார்த்தேன். "சு"வின் வால் என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

கை தெரியவில்லை!

செருப்புக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு புங்கா ராயாவுக்குப் பறந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டு வாசலில் படப்பிடிப்பு. வெயில் விழாத கூரையடியில், கறுப்புச் சாயம் அடித்த பலகை. அதன்மேல் அம்மாவே வறுத்துத் திரித்துத் தந்த சீனி மாவில் "நம் ஊர்". தலைக்குமேல் இரண்டு ஏணிகள், நடுவில் கட்டை, கட்டையில் குனிந்து பார்க்கும் கேமரா. ("எழுத்துக்கு அந்தப் பக்கமா கேமரா தலை இருக்கணும், மறந்துட்டோம்னா ஊரே தலைகீழாப் போயிடும்," என்று அண்ணன் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.) எறும்பின் வேலை மெதுவான வேலை, அதனால் நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் பொத்தானைத் தட்டி ஒரே ஒரு படம். ஓட்டும்போது எல்லாம் மளமளவென்று நடக்கும்.

முதலில் ஒரு எறும்பும் வரவில்லை. எல்லோரும் பலகையையே பார்த்தோம். சம்பந்தி வீட்டார் வருகைக்குக் காத்திருப்பது போல இருந்தது. பிறகு ஒன்று வந்தது. "ஊ"வின் தலையை மோந்து பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"பிடிக்கலையாம்," என்றாள் ஜெயா.

"சொல்லிட்டு வரப் போயிருக்கு," என்றார் அம்மா. சரியாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டன.

வரிசைப்படி தின்னுமா? அதுதான் இல்லை. "ஊ"வில் ஆரம்பித்து, "ந"வுக்குத் தாவி, புள்ளிகளைத் தொடாமல் விட்டு... பாதியில் திடீரென்று எல்லாம் திசைமாறிப் போயின. பார்த்தால் ஜெயா தின்றுகொண்டிருந்த பீசாங் கோரெங் — பொரித்த வாழைப்பழம் — அதன் துணுக்கு தரையில் கிடக்கிறது!

"நடிகருங்க சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க," என்று அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

மக் பொன்னம்மா தம் கோழிகளைக் கூடையில் அடைத்துவிட்டு, பாண்டான் இலை மணக்கும் பலகாரம் ஒரு தட்டு கொண்டுவந்து, எங்களோடு உட்கார்ந்து எறும்புகளுக்கு மலாயில் உற்சாகம் சொன்னார். அப்பா ஜன்னலுக்குள்ளிருந்து பேப்பரை இறக்கி, "படிச்ச பிள்ளைங்க பண்ற வேலையா இது?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். ஆனால் கோப்பிக்கடைக்குப் போகும்போது பின்வாசல் வழியாகப் போனார். கவனித்தேன்.

மத்தியானம் இரண்டு புள்ளிகள் மட்டும் எஞ்சின. பிறகு அவையும் போயின. வெறும் கறுப்புப் பலகை. ஒன்றுமே இல்லாததைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

என் வாழ்க்கையில் இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை இருந்ததா?

ஜூலை 30, செவ்வாய்

அண்ணன் மற்ற அட்டைகளுக்கான வாசகங்களைக் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று படித்தார். "படப்பிடிப்பு: தேவதாஸ். உதவி: ஜெயா. எழுத்து: சிவகாமசுந்தரி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சிறிய எழுத்துக்காரர்களின் வரிசையில் நான்!

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "அந்தக் கடைசி மட்டும் வேணாம் தம்பி."

"ஏங்கய்யா?"

"எழுதட்டும், நல்லா எழுதட்டும். பேர் எதுக்கு? நாலு பேர் கூடுற திடல்ல, திரையில, பொம்பளப் பிள்ள பேரு... நாளைக்கே ஆபீஸ்ல ராஜரத்தினம், 'என்ன கிராணியாரே, பொண்ணு சினிமாவுக்குப் போயிட்டாளா'ம்பாரு. இவளுக்கு நாலு இடத்துல ஜாதகம் கொடுத்திருக்கு."

ராஜரத்தினம் அப்பாவோடு ஒரே ஆபீஸில் கணக்கெழுதும் இன்னொரு கிராணி. உலகத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அப்பாவுக்கு எங்கள் மாகாணத் துரையைவிட அவரிடம்தான் பயம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சரி என்பதுபோல.

சரியா? ஒண்ணும் சரி இல்ல! சைக்கிள்ல போறேன், பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்குறேன், ரிஜிஸ்தர்ல தினம் என் பேரைத்தானே எழுதுறேன், அதெல்லாம் பேர் இல்லையா? மூணு நொடி. வெறும் மூணு நொடி. அதுலயும் பாதிப் பேர் கச்சாங் வாங்கிக்கிட்டு இருப்பாங்க. யார் பார்க்கப் போறா?

நான் பார்ப்பேன். அதுதான் விஷயம். எனக்கு அது வேண்டும் என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் எனக்கு — இது எப்படி?

ஆகஸ்ட் 2, வெள்ளி

அம்மா சமாதானம் பேசிப் பார்த்தார். அப்பா, "பேரைத் தவிர எல்லாம் செய்யட்டும்," என்றார். அதில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். கோபமாக இருந்தால் எதிர்த்துப் பேசலாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஜெயா, "அந்த அட்டையே இல்லாம விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம். வேற எழுதித் தர்றேன்," என்றேன். உட்கார்ந்து, மிக அழகாக, மலாயும் கீழே சேர்த்து எழுதினேன்:

எழுத்து: கஜா பேராங் எறும்புகள்.

ஜெயா சிரித்துச் சிரித்துப் பாயில் உருண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. முக்கால்வாசிச் சிரிப்பு.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா!

பண்டார் ஹிலிரில் நடக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் எழுத்து — துணியில், வளைவில், தகரத்தில், தென்னங்கீற்றில். நாலு மொழியில். ஒரு வளைவில் மின்விளக்குகளாலேயே எழுதியிருந்தார்கள், அதில் ஒரு குமிழ் மட்டும் எரியவில்லை. கொண்டாட்டத்தில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் அதற்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன். மக் பொன்னம்மா புதுக் கேபாயாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா கறுப்புக் கோட்டு. கூட்டம் கத்தியபோது அப்பாவும் கத்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

தேவதாஸ் அண்ணன் ஒரு லோரியின் கூரைமேல் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். கீழே ஜெயா அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அந்த "உதவி".

செப்டம்பர் 19, வியாழன்

சுருள்கள் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டன. வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்க்கலாம் வா என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். பெயர் போடுவதைச் சுவரில் பார்க்கக் கூடாது. கூட்டத்தில், இருட்டில், இடத்தைத் தேடிக்கொண்டு பார்க்க வேண்டும்.

"தலைகீழா வரலையே?" என்று மட்டும் கேட்டேன்.

"வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள் ஜெயா. ஆனால் அவள் முகம் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னது.

அக்டோபர் 12, சனி

இதை முழுதாக எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பள்ளித் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் திரை. இருட்டத் தொடங்கியதுமே பாய், பெஞ்சு, சாக்கு என்று ஊரே வந்துவிட்டது. செட்டிக் கம்பத்திலிருந்து மக் பொன்னம்மாவின் சொந்தங்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நாங்கள். கச்சாங்காரருக்கு நல்ல வியாபாரம்.

அப்பாவும் கச்சாங் வாங்கினார். ஆனால் இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் ராஜரத்தினம், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

கைவிளக்கு வந்தது. தலைகள் குறுக்கே போயின, ஒரு குழந்தை அழுதது. எல்லாம் முறைப்படி நடந்தது.

கறுப்புத் திரை. ஒன்றுமில்லை. "கரண்டு போச்சா?" என்றார் யாரோ.

ஒரு புள்ளி வந்தது. இன்னொரு புள்ளி. பிறகு பக்கத்துக்கு ஒன்றாக எறும்புகள் — ஒவ்வொன்றும் பூனை அளவு! — விறுவிறுவென்று நாலு திசையிலிருந்தும் ஓடிவந்து வெள்ளையை இறக்கி வைத்துவிட்டு ஓடின. முன்வரிசையில் இருந்த ஒரு சீனத்துப் பாட்டி காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு கோடு வளைந்தது. ஒரு சுழி மூடியது. பாதியில் எல்லாம் எங்கோ ஓடிப்போய் (பீசாங் கோரெங்!) மறுபடி அவசரமாகத் திரும்பிவந்தன. கூட்டம் "ஓ" என்றது. இடம் தேடிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். "ஊ"வின் தலை வந்து சேர்ந்தபோது யாரோ ஒருவர் உரக்க வாசித்தார்: "நம் ஊர்!"

பிறகு கைதட்டல். பேர் போடுவதற்குக் கைதட்டல்! என் ஆயுளில் கேட்டதில்லை.

படப்பிடிப்பு, உதவி என்று அட்டைகள் போயின. பிறகு அந்த அட்டை. தமிழ் படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள், மலாய் படித்தவர்கள் அடுத்து. மக் பொன்னம்மாவுக்கு யாரோ படித்துச் சொல்ல, "செமுட்! செமுட் துலிஸ்!" என்று கூவினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இது போதும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது ராஜரத்தினத்தின் குரல், எல்லோருக்கும் கேட்கும்படி: "எறும்பாம்! மலாக்காவுல யாருக்குய்யா இதெல்லாம் வரும்? சிங்கப்பூர்ல கழுவக் கொடுத்தாங்கல்ல, அங்க ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கான். அவன் செஞ்சு அனுப்பியிருப்பான். எனக்குத் தெரியும்."

"எந்தச் சிங்கப்பூர்க்காரன்?"

அப்பா எழுந்து நின்றிருந்தார். அவர் தலையின் நிழல் திரையில் ஆற்றுப் பாலத்தின்மேல் பெரிதாக விழுந்தது.

"எந்தச் சிங்கப்பூர்க்காரன்யா? எங்க வீட்டு வாசல்ல எழுதினது! எங்க வீட்டு மாவு! மாவு உருண்டை பிடிக்க வச்சிருந்த மாவு, அந்த மாசம் எனக்கு ஒரு உருண்டை கிடைக்கல! எழுதினது என் பொண்ணு. சிவகாமசுந்தரி. ஸ்பெஷலிஸ்ட்டாம்!"

"கிராணியாரே, உட்காருங்கய்யா, பாலம் மறைக்குது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்பா உட்காரவில்லை. மக் பொன்னம்மா பக்கம் திரும்பி, அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று, மலாயிலும் ஒரு முறை சொன்னார். "அனாக் சாயா! சிவகாமசுந்தரி!" அந்தப் பக்கம் முழுதும் மறுபடி கை தட்டியது. அப்பாவிடம், மெர்டேக்கா அன்று கேட்ட அதே குரல்.

நான் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். ஆற்றையும் பசாரையும் நான் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தபோது திரையில் அந்த வளைவு. எரியாத ஒற்றைக் குமிழ்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். கச்சாங் சுருள் பிரிக்கப்படாமல் அப்படியே அவர் கையில் இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

அப்பா பசியாறும்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து: "ராத்திரி கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேனோ?"

"இல்லப்பா. அளவாத்தான் இருந்துச்சு."

அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு மறுநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் புங்கா ராயாவுக்குப் போய்வந்திருக்கிறார். ஜெயா சொல்லித்தான் தெரியும். அடுத்த மாதம் பக்கத்தில் செமாபோக்கில் படத்தைக் காட்டக் கேட்டிருக்கிறார்களாம். "அதுக்கு முன்ன அந்த எறும்பு அட்டையை எடுத்துட்டு, சரியானதைப் போடலாமா தம்பி? பொய்யான பேர் இருக்கக் கூடாது பாருங்க," என்று கேட்டாராம். எறும்பு அட்டையும் இருக்கட்டும், உதவி என்று அதை மாற்றிவிடலாம் என்று அண்ணன் சொன்னாராம். ஆமாம், அவையும் உழைத்தனவே என்று அப்பா ஒத்துக்கொண்டாராம்.

நேற்றுச் சாயங்காலம் என்னிடம், "நாளைக்கு லீவுதானே காமு? உன் பேரை எழுதிடு. கொட்டை எழுத்துல எழுது," என்றார். அம்மா புது மாவு வறுத்தார். கூட ஒரு பங்கு வறுத்து, உருண்டை பிடித்து அப்பாவுக்குக் கொடுத்தார்.

காலையில் எழுதினேன். நீளமான பெயர், பலகையின் விளிம்பு வரை வந்தது. இந்த முறை தெருவில் ஆள் இருந்தார்கள். பரவாயில்லை என்று எழுதினேன்.

இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தேவதாஸ் அண்ணன் கோப்பி குடிக்க உள்ளே வந்துவிட்டார். அவர் இடத்தில் அப்பா, பலகைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் குடை. மக் பொன்னம்மாவின் கோழி ஒன்று கூடையிலிருந்து தப்பி வந்துவிட்டது. அதைக் குடையால் விரட்டுகிறார். நிமிடம் ஆனதும் எழுந்து பொத்தானைத் தட்டுகிறார். உட்காருகிறார். குனிந்து பார்க்கிறார். முன்பாதி போய்விட்டது.

ராஜரத்தினம் சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றி நின்றார்.

"என்ன கிராணியாரே, காலங்காத்தால எறும்புக்குக் காவலா?"

அப்பா நிமிரக்கூட இல்லை.

"பேர் போட்டுக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது."